ஏழாம் எண் பெட்டி

மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை
ஆறு மணிக்கு மூடுகிற அருங்காட்சியகம்
ஆறரைக்குத் திரும்பத் திறக்கும், ஜாஸுக்கு.
காப்பாட்சியர் தமயந்தி மேடத்தின் யோசனை.
மைக்செட் நான்.
ஜெபமாலை சவுண்டு சர்வீஸ், நாகப்பட்டினம்.
கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம்,
கந்தூரி, கொடியேற்றம், பதினாறாம் நாள்,
எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி, ஒரே வயர்.
இதற்குக் கூடக் கேட்கலாமா என்று
ராத்திரி முழுக்கப் புரண்டு
கேட்காமலே வந்துவிட்டேன்.

முதல் மாதம் இருபத்துமூன்று பேர்.
அதில் ஐந்து பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
முன்வரிசையில் ஐஸ் கம்பெனி முதலாளி
இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு
என் பக்கம் சாய்ந்தார்:
"சுதி சேத்து முடிச்சாச்சா? பாட்டு எப்பப்பா?"
எனக்கும் அதே சந்தேகம்தான்.
"இதாண்ணே பாட்டு" என்றேன்
தெரிந்தவன் மாதிரி.

சாக்ஸபோன் டென்சிங், காரைக்கால்காரர்.
கண்ணை மூடிக்கொண்டு ஒரு சந்துக்குள் போவார்.
திரும்பி வருகிற வரைக்கும்
வால்யூமைப் பிடித்துக்கொண்டே நிற்பேன்.
நிலோஃபரின் பாஸ் ஆளைவிட உயரம்.
வேனில் சீட்டை மடக்கி
காய்ச்சல் பிள்ளையைப் போலப் படுக்கவைத்துக் கொண்டுவருவார்.

இரண்டாம் மாதம்தான் கேட்டது.
அவர் விரல் கீழ்க் கம்பிக்கு இறங்கும்போதெல்லாம்
எங்கிருந்தோ ஒரு
கிர்ர்.
வயரை மாற்றினேன். எர்த்தை மாற்றினேன்.
மைக்கைத் தள்ளிவைத்தேன்.
கிர்ர்.
முப்பது வருடமாக
கொய்ங்கின் கழுத்தை நெரித்தே சோறு தின்கிறவன் நான்.
தலைவர் பேச்சில் ஒருமுறை அது தப்பித்தபோது
செருப்பு விழுந்தது மேடையில் இல்லை,
என் தோளில்.

மூன்றாம் மாதம், வாசித்துக்கொண்டிருக்கும்போதே,
காதைக் கையில் ஏந்திய மாதிரி நடந்தேன்.
முதுமக்கள் தாழியில் வைத்தேன்.
திமிங்கல எலும்பில் வைத்தேன்.
தலையில்லாத புத்தர் கம்மென்று இருந்தார்.
கடைசியில் ஏழாம் எண் பெட்டி:
டச்சுக்காரன் அடித்த செப்புக்காசு, நாற்பத்தொன்று,
கண்ணாடித் தட்டில்.
உப்புக்காற்று திருகாணியைத் தின்றிருந்தது.
அந்த ஒரு சுரத்துக்கு மட்டும்
நாற்பத்தொன்றுக்கும் பல் அடித்தது.

நுழைவுச்சீட்டு ஒன்றை எட்டாய் மடித்து
மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் சொருகினேன்.
அடங்கியது.
அன்றைக்கு வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நான்காம் மாதம், ஒத்திகை.
நிலோஃபர் கீழே இறங்கினார். நின்றார்.
மறுபடி இறங்கினார்.
"அண்ணே, இங்க இன்னொருத்தர் வாசிச்சாரே, எங்க?"
"யாரும்மா?"
"கிர்ருனு."

காட்டினேன்.
மண்டியிட்டு வெகுநேரம் காசுகளைப் பார்த்தார்.
சீட்டை உருவி
என் சட்டைப்பையில் வைத்தார்.
"இவருக்கு ஒரு மைக் குடுங்க."

கொடுத்தேன்.
போன வாரம்
ஒரு சாவுவீட்டில் பைபிள் வாசித்த மைக்.

அன்றிரவு அறுபது பேர், நாற்காலி போதவில்லை.
பாதியில் டென்சிங் வாயெடுத்து ஒதுங்கினார்.
டிரம்ஸ் பையன் குச்சியை மடியில் வைத்துக்கொண்டான்.
பாஸ் மட்டும் கேட்டது.
பெட்டி சொன்னது.
அவர் கொஞ்சம் தாமதித்துக் கேட்டார்,
அது முந்திக்கொண்டு சொன்னது,
இருந்தவர்கள் சிரித்தார்கள்.
ஐஸ் முதலாளியின் கால்
அவருக்குத் தெரியாமல் தரையைத் தட்டியது.

பிறகு சத்தம் மெலிந்து, மெலிந்து,
காசு நடுங்குவது
கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு எட்டவில்லை.
யாரும் சொல்லவில்லை.
என் விரல் அந்த மைக்கை ஒரு நூல் ஏற்றியது.
இன்னும் ஒரு நூல்.
கொய்ங் எந்த இடத்தில் ஒளிந்திருக்கும் என்று
இந்த ஜில்லாவில் என்னைவிடத் தெரிந்தவன் இல்லை.
அதன் வாசல்படியில் விரலை நிறுத்தினேன்.
காசுகள் கூடம் முழுக்க நின்றன.
நிலோஃபர் தலை நிமிர்ந்து
மேடையிலிருந்து
என்னைப் பார்த்தார்.

பில்லில் மைக் ஐந்து என்று எழுதினேன்.
"நாலு பேருதானே வாசிச்சாங்க?" என்றார் மேடம்.
ஏழாம் எண் பெட்டியைக் காட்டினேன்.
அதுக்குத் திருகாணி வாங்கணுமே என்று
பேனாவை மூடாமல்
யோசித்துக்கொண்டிருந்தார்.
நான் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.