செகண்ட் ஹேண்ட்

வென்ஜோவில் பழைய தையல் மெஷின் விற்கிறேன்.
எனக்கு முதலில் தெரிந்த இங்கிலீஷ்
செகண்ட் ஹேண்ட்.
ஷட்டருக்கு மேலேயே எழுதியிருக்கிறது.
மழையில் ஓர் எழுத்து போய்விட்டது,
வியாபாரத்துக்கு நஷ்டமில்லை.

ஃபர்ஸ்ட் ஹேண்ட் என்றால்
பெட்டி பிரிக்காத புது மெஷின் என்றிருந்தேன்.
இல்லையாம்.
தானே பட்டுத் தெரிந்துகொண்டதற்கு
அப்படிப் பேர் என்கிறது போன்.

ராத்திரி பதினோரு மணிக்கு
எண்ணெய்க் கையோடு பாடம்.
"அவள் கடும் வலியை ______."
கீழே நான்கு சொல்.
அறிந்தாள் என்பதைத் தொட்டேன். சிவப்பு.
சந்தித்தாள். சிவப்பு.
அண்டர்கோ என்று ஒன்று.
அண்டர் என்றால் அடியில், கோ என்றால் போ.
வலிக்கு அடியில் புகுந்து போவதா?
அது ஆபரேஷனுக்காம். சிவப்பு.
எக்ஸ்பீரியன்ஸ்தான் மிச்சம். பச்சை,
கூடவே காசு விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

எங்கள் பேச்சில் இத்தனை தொல்லை இல்லை.
சின் என்று ஓர் எழுத்து. சொந்தம் என்று பொருள்.
கண்ணுக்கு முன்னால் வைத்தால் நானே பார்த்தது.
காதுக்கு முன்னால் வைத்தால் நானே கேட்டது.
கண்ணும் காதும் கையும்
எனக்குச் சொந்தக்காரர்கள்,
பொய்சாட்சி சொல்ல மாட்டார்கள் என்று நம்பிக்கை.
(அந்தக் கண்ணை நம்பித்தான் ஒருமுறை
துருப்பிடித்த நாற்பது மெஷின் வாங்கினேன்.
அது வேறு கதை.)

இன்று லாகோஸிலிருந்து வீடியோ அழைப்பு.
அபிசோலா, பள்ளிச் சீருடை தைப்பவர்.
இந்த மெஷின் டெனிம் தாங்குமா, யார் சொன்னது?
ஃபர்ஸ்ட் ஹேண்ட் என்று நாக்கு வரை வந்த சொல்
செகண்ட் ஹேண்ட் என்றே விழுந்தது.
அவர் முகம் சுருங்கிவிட்டது.

இடது ஆள்காட்டி விரலைக் கேமராவில் ஒட்டினேன்.
நகம் நடுவில் பிளந்தே வளர்கிறது.
இருபத்திரண்டு வயது, ஜீன்ஸ் ஃபேக்டரி, இதே மாடல்.
ஊசி நகத்தில் இறங்கி மறுபக்கம் வந்தது,
நிற்காமல் இன்னொரு தையலும் போட்டது.
துணியும் நானும் ஒரே நூலில்.
இத்தனைக்கும் என்னிடம் இருந்த சொல் ஒன்றே:
கோ. கோ. என்று குத்திக் காட்டினேன்.

த்ரூ, என்றார் அபிசோலா மெதுவாக.
தன் கட்டைவிரலை எடுத்துக் காட்டினார்.
கொஞ்ச நேரம் இரண்டு விரல்கள் மட்டும் திரையில்.

பிறகு
பத்து சதவீதம் குறைக்கச் சொன்னார்.

ஷட்டரை இறக்கிவிட்டுத் தேடினேன்.
கோ த்ரூ
நாற்பத்தேழாம் பாடத்தில் வருமாம்.
நான் இருப்பது பன்னிரண்டில்.