கடைமடை

முப்பத்தொரு குளிர்காலம்
லுப்ளின் நகரின் அடிவயிற்றில் வேலை எனக்கு.
வீடுகளுக்கு வெந்நீர் போகும் குழாய்களில்
ஒழுகும் இடத்தைக் காதால் கண்டுபிடிப்பவன்.
தெருவில் எங்கே பனி முதலில் உருகுகிறதோ
அங்கே தோண்டுவோம்.

டாக்டர் யாத்விகா திரையைத் திருப்பிக் காட்டினார்.
கல்லீரலில், கோழிமுட்டை அளவு.
அதைச் சுற்றியும் உள்ளேயும் இரத்தக் குழாய்கள்.
தொழில் தெரியாதவன் போட்ட இணைப்பு:
வளைந்து, முட்டி, திரும்பி, பாதியில் நின்று,
போகிற வழியெல்லாம் ஒழுகி.
வெட்கமாக இருந்தது.
என் உடம்புக்குள்ளா இப்படி ஒரு வேலை?

"மருந்து கடைமடைக்குப் போய்ச் சேரவில்லை" என்றார்.
"முதலில் அந்தக் குழாய்களைக் கொஞ்சம் சீராக்கப் போகிறோம்."

சீராக்குவதா!
அடைத்துவிடுங்கள். பட்டினி போடுங்கள்.
பாம்புக்கு யாராவது பால் வார்ப்பார்களா, டாக்டர்?

அவர் வாய் திறக்குமுன்பே
எனக்குத் தெரிந்துவிட்டது.
எண்பத்தேழு, ஜனவரி.
ஒழுகலைப் பார்க்காதே, அழுத்தத்தை ஏற்று என்றார் மேலதிகாரி.
ஏற்றினோம். சாக்கடை மூடிகளிலெல்லாம் ஆவி.
கடைசிக் கட்டடத்தின் ஆறாம் மாடியில்
குளியல் தொட்டித் தண்ணீர் உறைந்து கிடந்தது.
அந்த வீட்டுக்காரி கதவைத் திறந்தாள்.
எங்களை ஒன்றும் சொல்லவில்லை.

"எத்தனை நாள் தாங்கும்?"
"சில நாள். உங்களுக்கு எத்தனை என்று எனக்கும் தெரியாது.
மறுபடி கலைந்துவிடும்.
அதற்குள் மருந்து உள்ளே போக வேண்டும்."

தற்காலிக ஒட்டு.
நானும் போட்டிருக்கிறேன், சனிக்கிழமை மாலைகளில்,
திங்கள் வரை தாங்கட்டும் என்று
கையுறைக்குள் விரல் மரத்துப்போக.

ஐந்தாம் நாள் பனிப்புயல்.
டிராலி பஸ்கள் நின்ற இடத்திலேயே நின்றன.
போகுமில் கம்பெனி வேனை எடுத்து வந்தான்,
பின்னால் குழாய்முறுக்கிகள் குலுங்க.
பதிவேட்டில் "அவசரப் பழுது" என்று எழுதிவிட்டானாம்.
பொய்யில்லை.

இப்போது சாய்வு நாற்காலி.
சொட்டுச் சொட்டாக இறங்குகிறது.
ஊரெல்லாம் தரையில் காது வைத்தவன்
சொந்த விலாவில் வைக்க முடியவில்லை.
போ, என்கிறேன்.
நேராகப் போ. நடுவழியில் ஒழுகிவிடாதே.
கடைசிக் கட்டடம், ஆறாம் மாடி.
கதவைத் தட்டாதே, உடை.

ஜன்னலுக்கு வெளியே
கார்கள் நிற்கும் இடத்தில்
ஒரே ஒரு வட்டத்தில் மட்டும் பனி உருகியிருக்கிறது.
போகுமிலிடம் சொல்ல வேண்டும்.