ஊதாப் பஞ்சு

பேர்ண் நகரத்தின் மேற்கு ஓரம், பும்பிளிட்ஸ்.
மூன்று மாடி, ஆறு வீடு.
ஞாயிறு துவைக்கக் கூடாது என்பதால்
ஆளுக்கொரு நாள், கணக்காகப் பிரித்தது.
நிலவறைச் சாவி திங்களில் லெத்தெயிடம்,
செவ்வாயில் என்னிடம்.

லெத்தெ எரித்திரியாக்காரி. இரவு வேலை. மூன்று பிள்ளை.
படியில் சைக்கிள். வாசலில் சப்பாத்துக் குவியல்.
கடதாசி நாளில் போத்தலை வெளியே வைத்ததை
ஒருமுறை கண்டேன்.
கண்டதைச் சில்லறை போலச் சேர்த்து வைத்தேன்,
எப்போதாவது உதவும்.

தவக்காலத்து இரண்டாம் செவ்வாய்.
எங்கள் தமிழ்ப் பூசையில் வாசக மேடைக்கு விரிக்கும் துணியை
இந்த வருடம் துவைப்பது நான்.
கேட்டு வாங்கிய ஊழியம்.
போன வருடம் யசிந்தா துவைத்தாள்;
மடிப்பு நேரில்லை.

மதியம் இரண்டாம் தடவை உலர்த்தப் போனால்
வடிகட்டி நிறையப் பஞ்சு,
விரல் தடிப்பில்.
நேற்று யாருடைய நாள்?
செத்த எலியைத் தூக்குவதுபோல்
இரு விரலால் உரித்தெடுத்தேன்.
மகனுக்குப் போன் போட்டு இலக்கணம் கேட்டு
ஜேர்மனில் எழுதினேன்:
வடிகட்டியைத் துப்புரவாக்குவது
நாகரிகம் உள்ளவர்கள் செய்வது.
மூன்று ஆச்சரியக்குறி.
கீழே, சாட்சிக்கு,
அந்தப் பஞ்சையே ஒட்டுநாடா போட்டு ஒட்டினேன்.
பெயர் எழுதவில்லை.
எழுதாமலே எல்லாருக்கும் விளங்கும் என்பதில்தான்
அதன் நயம்.

அன்றிரவு ஆத்தும சோதனை.
முழங்காலில் நின்று ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
யசிந்தாவின் வாய்.
பாடகர் குழு அமலதாசனின் தாமதம்.
சுவாமியின் பிரசங்க நீளம்.
லெத்தெ.
என் முறை வருமுன்
நித்திரை வந்துவிட்டது.

புதன் காலை, அயன் பண்ண
யன்னலோரம் துணியை விரித்தேன்.
வெளியே புதுப் பனி, கண் கூசும் வெளிச்சம்.
ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. ஊதா.
உள்ளங்கையில் ஒட்டிய பொடியும் ஊதா.

நிலவறையின் மஞ்சள் விளக்கில்
எல்லாமே சாம்பல் நிறம்.
நேற்றுக் காலை முதல் தடவை போட்டபோது
வடிகட்டியை நான் திறக்கவேயில்லை.

ஓடினேன். ஒரு செருப்பு படியிலேயே நின்றுவிட்டது.
தாள் இருந்தது.
பஞ்சின் கீழே நீல மையில்,
எனக்கே தெரிகிற எழுத்துப்பிழைகளோடு:
மன்னிக்கவும். பிள்ளைக்குக் காய்ச்சல்.
மறந்திருப்பேன். லெத்தெ, மூன்றாம் மாடி.

மறந்திருப்பேன்.

திங்களன்று அவள் அந்த இயந்திரத்தைத் தொட்டாளா என்றுகூட
எனக்குத் தெரியாது.

நேரக்கணக்கு விளக்கு அணைந்தது.
ஆளியைத் தேடவில்லை.
இருட்டில் பஞ்சைத் தடவிப் பார்த்தேன்,
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில்.
இரண்டு கிழமைக்கு முன் சுவாமி நெற்றியில் இட்டது
இந்த மென்மைதான்.
அன்று கண்ணாடியில் பார்த்து,
சிலுவை வடிவாய் விழுந்திருக்கிறதென்று
சந்தோசப்பட்டேன்.

சுட்டுவிரல்.
எவ்வளவு வேலை வாங்கியிருக்கிறேன் அதனிடம்.

தாளைக் கழற்றி மடித்துக்கொண்டு
ஒற்றைச் செருப்போடு ஏறினேன்.
சைக்கிளைத் தாண்டி, சப்பாத்துகளைத் தாண்டி.
ஒரு சப்பாத்து உள்ளங்கை அளவுதான், இடது காலுக்கு.
வழியெல்லாம் ஒத்திகை:
கீழே வெளிச்சம் போதாது.
துணி கோயிலுடையது.
எனக்கும் அன்று அவசரம்.
கதவு வருமுன் ஒவ்வொன்றாய்க் கழன்றன.
கடைசியில் மிஞ்சியது ஒரு சொல்,
அதையும் அவள் முந்தி எழுதிவிட்டாள்.

மணியை அழுத்தினேன்.
சுட்டுவிரலால்தான், வேறெதால்.
உள்ளே பிள்ளை இருமியது.
யாரோ வெறுங்காலோடு வருகிற சத்தம்.