அரைவாசியில் வைக்கவும்

ஆறு மாதம் கிடந்தது
உப்புவெளி விடுதியின் 'தொலைந்தவை' தட்டில்.
ஒற்றைச் செருப்பு, நீச்சல் கண்ணாடி,
யாரோ பாதி வாசித்த ஜெர்மன் நாவல்,
இவற்றோடு இதுவும்.
கேட்டு ஒருவரும் எழுதவில்லை.
நிரோஜினி, நீ எடு, என்றார் மனேஜர்,
இரவு டியூட்டிக்கு உதவும்.

முதன்முதல் ஃபோனோடு இணைத்தபோது
திரையில் வந்தது:
இல்சேயின் ஹெட்ஃபோன்.
பதிவேட்டைப் புரட்டினேன்.
இல்சே என்று ஒருத்தியும் தங்கவில்லை,
வேறு யாருடைய பெயரிலோ வந்து
வேறு யாரோடோ போயிருக்கிறாள்.
பெயரை மாற்றலாம்தான், ஒரு தட்டுத்தான்.
மாற்றவில்லை.

அப்போது இருபது மணிநேரம் தாங்கும்.
நான் பாட்டுக் கேட்பது குறைவு.
இரைச்சலை அடக்கும் பட்டனை அமுக்கினால்
ஜெனரேட்டர் போகும்,
குளிர்பெட்டியின் முனகல் போகும்,
கடலும் போகும்.
திருகோணமலையில் பிறந்தவளுக்குக்
கடல் இல்லாத பத்து நிமிடம்
எவ்வளவு பெரிய விடுமுறை என்று
காசு கொடுத்து அலை பார்க்க வருகிறவர்களிடம்
எப்படிச் சொல்வது?

பிறகு பதினொன்று. பிறகு நாலு.
போன மாசியில் நாற்பது நிமிடம்.
'பற்றரி லோ' என்று உள்ளே ஒருத்தி
செத்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி
மெதுவாகச் சொல்வாள்.
பிழை என்னுடையதுதான்.
விடிய விடிய சார்ஜில் போட்டேன்,
சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்குள் வேகவிட்டேன்,
ஒரு மாரிகாலம் முழுக்க
சொட்டுச் சார்ஜும் இல்லாமல் மறந்துவிட்டேன்.

றிஃப்கானின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால்.
"இதுக்கு ஆயுசு இவ்வளவுதான் தங்கச்சி.
புதுசு வாங்குங்க, கறுப்பிலயும் இருக்கு."
"பற்றரி மட்டும் மாத்தேலாதா?"
"ஏலும்.
ஆனா ஒருத்தரும் கேக்கிறல்ல."

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது,
கண்டக்டரின் சட்டைப் பைக்குள்.
பிரித்த அட்டைப்பெட்டியைப் படியில் வைத்தோம்.
நகரத்து மான் ஒன்று வந்து
லேபலோடு மென்று போனது.
வோல்ட் எத்தனை, எந்த நாட்டுச் சரக்கு,
எல்லாம் இப்போது அதன் வயிற்றில்.

காதுமெத்தைக்கு உள்ளே நாலு ஸ்குறூ.
மூன்று வந்தன.
நாலாவதை உப்புக்காற்று தின்றிருந்தது,
அதற்கு மட்டும் அரை மணித்தியாலம்.
பழைய பற்றரி பொரித்த பப்படமாய் உப்பிக் கிடந்தது.
குத்தினால் பற்றும் என்று
பிளாஸ்டிக் தகட்டால் மெல்ல நெம்பினார்.
கறுப்பு வயரை வெட்டி, டேப் சுற்றி,
பிறகுதான் சிவப்பு.
"ரெண்டையும் ஒரே வெட்டில வெட்டினா
என்ட புருவம் மாதிரித்தான்."
பார்த்தேன். இடது புருவத்தில் பாதி இல்லை.

ஈயப் புகை எழும்போது கேட்டேன்:
"உள்ள இருக்கிற பேர் அழிஞ்சிடுமா?"
"என்ன பேர்?"
சொல்லவில்லை.
அழியட்டும் என்றும் இருந்தது.
மூன்று வருடம்
இன்னொருத்தியின் காதுகளைப் போட்டுக்கொண்டு
ஒன்றையும் கேட்காமலிருந்தது போதும் என்று.

மூடினார். அமுக்கினார். நீலம் மினுங்கியது.
ஃபோனை எடுத்தேன்.
இல்சேயின் ஹெட்ஃபோன்.

"எண்பதுக்கு மேல ஏத்தாதீங்க,
இருபதுக்குக் கீழ விடாதீங்க.
பாவிக்காட்டி அரைவாசியில வைங்க.
வெயில் கூடவே கூடாது."
இதையெல்லாம் வாழ்க்கைக்குப் பொருத்திப் பார்க்கும் வயது
எனக்குக் கடந்துவிட்டது.
காசைக் கொடுத்தேன்.

பழையதை
மணல் நிரப்பிய ஜாம் போத்தலில் போட்டுத் தந்தார்.
குப்பையில போடாதீங்க, என்றார். கடல்லயும்.
பிறகு எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

தொலைந்தவை தட்டில் வைத்திருக்கிறேன்,
நீச்சல் கண்ணாடிக்கும் நாவலுக்கும் நடுவில்,
மூடியில் அவள் பெயர் எழுதி.
என்றாவது இல்சே கேட்டு எழுதினால்
இருக்கிறது, வந்து எடுங்கள் என்பேன்.