பாத்தி நாற்பத்தொன்று

ஏழு போகம் தெரிந்தெடுத்து
எட்டாவதில் வந்தது
சட்டை போடாத குதிரைவாலி.
கதிரை உள்ளங்கையில் கசக்கினால்
உமி தானே கழன்றுவிடும்.
மில்காரர் ஞானசீலனின் கல்லுருளை தேயாது.
தவிடும் முளையும் அரிசியோடே தங்கும்.
புதன்கிழமைக் கிளினிக்கில்
அட்டையோடு நிற்பவர்களுக்குச்
சீனி ஆறுதலாக ஏறும்.
இப்படித்தான் அறிக்கையில் எழுதினேன்,
ஒட்டுசுட்டானில், தை நாலாந் தேதி,
மழைக்கோட்டைக் கழற்றாமலே.

அடுத்த நாள் விடிய
கிளிகள் வந்தன.
நாற்பது பாத்தியையும் தாண்டி
நேரே இதற்கு.
உரிக்கிற வேலை மிச்சமென்று
அவைக்கு ஆர் சொன்னது?

வலை போட்டோம்.
வலைக்குள் மயில்.

மிஞ்சியதை மெஷினில் சூடடித்தால்
முளை நசுங்குகிறது.
ஈரச் சாக்கில் நூறு விதை;
எழும்பியது ஐம்பத்திரண்டு.
உமி இவ்வளவு காலமும்
சும்மா இருக்கவில்லைப் போல.

"இதை விட்டிடுவமோ?" என்றார் பணிப்பாளர்.
கேட்டுக்கொண்டே
ருசி பார்க்கக் கொடுத்த கஞ்சியில்
இரண்டாம் கோப்பையும் முடித்தார்.
வெறுவயிற்றில் அவருக்கு
இருநூற்றுப் பத்து.
கந்தோரில் எல்லாருக்கும் தெரியும்.

விதைக்கென்று யூடித்தா
கையாலேயே உதிர்த்தாள்,
ஒரு ஜாம் போத்தல் நிறையவில்லை.
விரலெல்லாம் சுணை.
நான் லேபிள் ஒட்டினேன்:
"நா. 41. கைவிடவில்லை.
அடுத்த போகம்
மீசை வைத்த இருபத்தாறோடு ஒட்டு."

உடுப்பு வேண்டாம் அதற்கு.
கிளி வாய் வைக்கையில்
நாக்கில் ஏறுகிற மாதிரி
ஒரு முள், போதும்.