படிவத்தின் கடைசி நிரல்

பூநாரை இல்லை.
பஸ்ஸால் இறங்கிய கையோடு
அதைச் சொல்லிவிட்டேன்.
பதாகையில் இருநூறு பூநாரைகள் நிற்பது
என் குற்றமில்லை, அச்சடித்தவர் கொழும்பில்.
ஆனி மாதம் சுண்டிக்குளத்தில் நிற்பது
காற்று மட்டும்.
சோளகம் மணலை அள்ளி
இருபத்தாறு பணிஸிலும் தூவியது.
"ரீச்சர், நறநறக்குது" என்றபடி
இரண்டாவதையும் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு தொலைநோக்கி, இருபத்தாறு கழுத்து.
ஆளுக்கு எண்பது செக்கன் என்று கணக்குப் போட்டேன்.
கணக்கு ஐந்தாவது கழுத்தில் உடைந்தது.
கேனுசா அதை மறுபக்கமாய்ப் பிடித்துப் பார்த்து
"ரீச்சர், நீங்கள் யாழ்ப்பாணத்தில நிக்கிறீங்கள்" என்றாள்.

படிவத்தில் நாலு நிரல்:
பறவை, எண்ணிக்கை, நேரம், குறிப்பு.
காகம் எழுதலாமா என்று கேட்டார்கள்.
எழுதலாம்.
ட்ரக்டர்?
பறந்தால் எழுது என்றேன்.

களப்பு வற்றிய வெளி.
வெடித்த சேற்றின் மேல் உப்புப் பொருக்கு
அடிக்கடி அப்பளமாய் நொறுங்கியது.
அப்போதுதான் அது எங்கள் முன்னால் விழுந்தது,
உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குருவி,
ஒற்றைச் செட்டையை மண்ணில் இழுத்து இழுத்து.
"முறிஞ்சிட்டுது!"
ஏழெட்டுப் பேர் அதன் பின்னால்.
எட்டிப் பிடிக்கும் நேரமெல்லாம்
இரண்டு முழம் தள்ளிப் போய்
இன்னும் மோசமாய் முறிந்தது.

நான் வாய் திறக்குமுன்
"நில்லுங்கோ" என்றான் லதுசன்.
சத்தம் போடவில்லை.
"ஒருத்தரும் கால் எடுக்காதேங்கோ.
நிக்கிற இடத்திலயே நில்லுங்கோ."

எனக்கு இருபத்தைந்து வயது.
அதே வசனத்தை ஒன்பது வயதில்
வேறொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.
முழங்கால்கள் என்னைக் கேளாமலே பூட்டிக்கொண்டன.
கையிலிருந்த அட்டை படபடத்தது.
காற்றுத்தான்.

அவன் குனிந்திருந்தான்.
சப்பாத்து நுனிக்கு ஒரு சாண் முன்னால்
மணலில் சின்னக் குழி,
சிப்பித் துண்டுகள்,
மணலின் நிறத்திலேயே
மை தெளித்த மூன்று முட்டைகள்.
"கள்ளி, நடிச்சிருக்கிறாள்" என்றாள் கேனுசா.

உப்புக்கொத்தி என்று பெயரைச் சொன்னேன்.
அன்று நான் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

பாதை குறிக்கக் கொண்டுவந்த சிவப்பு நாடாவை
லதுசன் கேட்கவில்லை, எடுத்தான்.
நாலு தடி, மூலைக்கு ஒன்று.
தள்ளித்தள்ளி ஊன்றினான்
குருவி வந்துபோக வழி விட்டு.
பிறகு பின்பக்கமாகவே நடந்தான்,
வந்த தடத்தில் மட்டும் கால் வைத்து.
"ஆர் பழக்கினது?"
"அம்மா. முகமாலையில மிதிவெடி எடுக்கிறா.
இண்டைக்கும் வேலை."

மட்டையில் என்ன எழுதுவதென்று சண்டை.
"ஆபத்து" என்ற ஒருவன்
மண்டையோடும் கீறத் தொடங்கிவிட்டான்.
"ஆருக்கு ஆபத்து?" என்றாள் கேனுசா.
ஒருவரும் பேசவில்லை.
அழிறப்பர் பஸ்ஸில் கிடந்தது.
ஆகவே மண்டையோட்டின் தாடையை மூடி
வட்டமாக்கினார்கள்.
கண்குழிகளோடு இன்னும் பத்துப் புள்ளி சேர்த்தார்கள்.
முட்டை, கொஞ்சம் கோணல்.

திரும்பும்போது நானும்
அவர்களுடைய தடங்களிலேயே கால் வைத்து வந்தேன்.
தேவையில்லை என்று தெரியும்.
இருபது யார் தள்ளி நின்று
முறை வைத்துப் பார்த்தோம்.
குருவி ஓடி வந்தது, நின்றது,
நாடாவைப் பார்த்தது,
அதன் கீழால் போய் இருந்தது.

பஸ்ஸில் படிவங்களைச் சேர்த்தேன்.
அனேகமாய் எல்லாவற்றிலும் காகம்.
ஒன்றில் ட்ரக்டர், பள்ளத்தில் பறந்ததாம்.
லதுசனுடையதில்
பறவை: உப்புக்கொத்தி.
எண்ணிக்கை: 1, பிறகு 4.
நேரம்: 10.40.
குறிப்பு: செட்டைக்கு ஒண்டுமில்லை.