நீர் கொழும்பு

கொள்ளுப்பிட்டியில், மூன்றாம் மாடியில்,
ஊர்களை அழகாக்குவது என் வேலை.
'எழில் கொஞ்சும் கரையோரப் பட்டினம்.
ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை.
ஒருநாள் பயணம், மதிய உணவு உட்பட.'
பதினொரு வருஷமாய் நீர்கொழும்பை
இப்படித்தான் விற்கிறேன், போகாமலே.
விமான நிலையம் தாண்டி எங்கோ இருக்கிறது
என்பது மட்டும் தெரியும்.

இந்த முறை கந்தோரில் கூப்பன் தந்தார்கள்,
கடற்கரை ஹோட்டலில் இருவருக்குச் சாப்பாடு.

"நீர் கொழும்பு. அது நீர்கொழும்பு.
உமக்கும் அதுக்கும் ஒரு இடைவெளிதான் வித்தியாசம்."
குணாளன் தன் பழைய பகிடியை
பஸ்தியான் மாவத்தையில் மறுபடி விட்டார்.
இருநூற்றி நாற்பதாம் இலக்க பஸ்.
வத்தளை வரமுன்னமே தலைசுற்று அவருக்கு,
தேசிக்காயை முகர்ந்துகொண்டு வந்தார்.
மடியில் சோத்துப் பார்சல், தானே கட்டியது.
சாப்பாடு கூப்பனில் அடக்கம் என்றேன்.
"அடக்கம் எண்டு சொல்லுறதை நம்பேலாது."

வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அப்பால்
சும்மா கிடக்கிற அதே கடல்
இங்கே வேலைக்குப் போயிருந்தது.
கயிற்றுப் பாய்களில் சாளை பிளந்து காய,
காகங்களைச் சிங்களத்தில் திட்டிய ஒருத்தி
கூடைகளைத் தமிழில் எண்ணினாள்.
'அமைதியான' என்று நான் எழுதும் வாய்க்கால்
டீசல் மணத்தது. அதில் ஒரு உடும்பு,
கந்தோர் விட்டு வீடு போகும் கிளாக்கர்போல,
அவசரமில்லாமல் நீந்தியது.

பிறகு கோட்டை.
வளைவு இருந்தது, நெற்றியில் 1678 இருந்தது.
உள்ளே கால் வைத்தேன்.
ஒரு காக்கிக் கை குறுக்கே நீண்டது.

அது சிறைச்சாலை.
யாரும் எனக்குச் சொன்னதில்லை,
நானும் யாருக்கும் எழுதியதில்லை.
மதிலோரம் வரிசை. பைகள், குழந்தைகள், குடைகள்.
காவலர் குணாளனின் பார்சலைப் பார்த்தார்.
"யாருக்கு?" என்றார் சிங்களத்தில்.

குணாளன் பேசவில்லை.
இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி,
உள்ளேயிருந்து யாரோ தன் பெயரை
வாசிக்கப் போவதுபோல நின்றார்.

எனக்குத் தெரிந்த வரிசை அது.
தொண்ணூற்றியேழு, பொரளை, மகசீன் மதிலடி.
கலியாணம் பேசி முடிந்த புதிசு.
அப்போது பார்சல் என் கையில்,
அவர் மற்றப் பக்கம்.
"என்ன உறவு?" என்பார்கள்.
"இனித்தான்" என்பேன்.
குழம்பைக் கரண்டியால் கிளறுவார்கள்,
முட்டையை இரண்டாக வெட்டிப் பார்ப்பார்கள்.
ஏழு மாதம்.

வரிசைக் கடைசியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி,
கையில் ஒரு மாரி பிஸ்கட் பக்கற் மட்டும்.
குணாளன் அவளிடம் போய்
உடைந்த சிங்களத்தில் ஏதோ சொல்லி
பார்சலை நீட்டினார்.
திரும்பி வந்து என்னிடம்,
"முட்டையை வெட்டித்தான் வைச்சனான்,
சோதிக்கிற ஆக்களுக்குக் கரைச்சல் இல்லை."

இருபத்தேழு வருஷம் அவர் கையால் சாப்பிடுகிறேன்.
முழு முட்டை ஒன்றை
இலையில் கண்ட ஞாபகமில்லை.
அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஹோட்டலில் நீலத் துவாய் விரித்த கதிரைகள்,
கணவாய்ப் பொரியல் மிக நன்றாயிருந்தது,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
அவர் இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டார்.
பின்னேரம் கடல் உண்மையாகவே எழில் கொஞ்சியது.
எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

திங்கட்கிழமை. மூன்றாம் மாடி.
'ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை' என்பதன் பின்னால்
'வெளியே நின்று பார்க்கலாம்' என்று சேர்த்தேன்.
மனேஜர் வெட்டக்கூடும்.
மற்ற வரிகளில் கை வைக்கவில்லை.

அடுத்த மாதம் பேருவளை என்கிறார்.
பஸ்ஸா ரயிலா என்று முடிவில்லை.
தேசிக்காய் வாங்க வேணும்.